தண்டவாளத்துக்குக் கீழேயும் மலை வேண்டும்

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். 6 அடிக்கு 3 அடி பிளைவுட் பலகையில் ஹெச்.ஓ. அளவு மாடல் ரயில் செட் வைத்திருக்கிறேன். ஊட்டி மலை ரயில் பாதையைப் போல அதைச் சுற்றி மலையும் தோட்டமும் அமைக்க ஆசை. தெர்மாகோலை அடுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, பச்சைத் தூள் தூவிப் பார்த்தேன். மலையாகவே தெரியவில்லை, பச்சை அடித்த கரையான் புற்று மாதிரி இருக்கிறது. போதாததற்கு மழைக்காலத்தில் பூஞ்சணமும் பிடித்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தை எப்படிச் செய்வது? பல்சக்கரப் பாதையைக் காட்ட முடியுமா?

பதில்: தூளையும் பெயின்டையும் குறை சொல்லாதீர்கள். கோளாறு பலகையில் இருக்கிறது. தட்டையான பலகையில் தண்டவாளத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் மலையைக் குவித்திருக்கிறீர்கள். நம் ரயில் மலையின் விலாவைச் செதுக்கி ஓடுகிறது. ஒரு பக்க ஜன்னலில் கை நீட்டினால் பாறை, மறுபக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பள்ளம். அந்தப் பள்ளம் இல்லாதவரை எவ்வளவு உயரமாகக் குவித்தாலும் புற்றுதான்.

ஆகவே முதல் வேலை ரம்பத்துக்கு. தண்டவாளம் போகும் வழியை மூன்று அங்குல அகலத்துக்கு விட்டுவிட்டு, முன்பக்கத்துப் பிளைவுட்டை அறுத்து எடுத்துவிடுங்கள். கீழே ரீப்பர் கட்டையில் ஒரு சட்டம் அடித்து, பாதைப் பட்டையைச் சிறு கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்துங்கள். பலகையின் முன் ஓரம் தண்டவாளத்தைவிட 15 சென்டிமீட்டராவது கீழே இருக்கட்டும். ஆசையாகப் போட்ட பலகையை அறுக்கக் கை வராதுதான். ஆனால் இந்த ஒரு வேலைக்குக் கிடைக்கும் பலன் பின்னால் செய்யும் எதற்கும் கிடைக்காது.

அடுத்தது, சிகரத்தை மறந்துவிடுங்கள். ஹெச்.ஓ. என்றால் 87-ல் 1 பங்கு. கடல் மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை அந்தக் கணக்கில் கட்டினால் 30 மீட்டர் வரும். குன்னூருக்கும் ஊட்டிக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டுமே ஐந்தரை மீட்டரைத் தாண்டும். முழு மலை எந்த வீட்டிலும் அடங்காது. உங்களால் காட்ட முடிந்தது சரிவில் ஒரு துண்டு. எனவே மலை முகடு பலகைக்குள் முடியக்கூடாது. சரிவு ஏறிக்கொண்டே போய்ப் பின்பலகையில் முட்டி நிற்கட்டும். மிச்சத்தைப் பார்ப்பவர் மனதில் கட்டிக்கொள்வார்.

பல்சக்கரப் பாதையை, அதாவது நடுவிலுள்ள பல் பட்டையை எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பாதையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பாதையின் ஏற்றம் சில இடங்களில் 12-க்கு 1. ஒரு மீட்டர் நகர்ந்தால் 8 சென்டிமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பல்லைக் கடித்து ஏறும் எஞ்சின் இல்லாமல் உங்கள் செட் அந்த ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நின்ற இடத்திலேயே நிற்கும். அலங்காரத்துக்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பட்டை ஒட்டலாம். நிஜத்தில் அது ஆப்ட் முறையில் அமைந்த இரட்டைப் பட்டை. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும். மாடலில் அதைப் பிளாஸ்டிக்கில்தான் செய்ய வேண்டும், தண்டவாளத்தின் மேல்மட்டத்தைவிடத் தாழ்வாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினின் அடிப்பாகம் தட்டும். ஆனால் சமமான பாதையில் பல் பட்டையை ஒட்டினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

என் யோசனை: 1899-ல் திறந்த மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியை விட்டுவிட்டு, 1908-ல் ஊட்டி வரை நீட்டிய மேல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல் பட்டை கிடையாது. ஏற்றமும் அதிகபட்சம் 25-க்கு 1, அதாவது மீட்டருக்கு 4 சென்டிமீட்டர். வளைவில் இழுவை கூடும் என்பதால் நீங்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வட்டப் பாதையில் ஏறியதை இறங்கித்தான் ஆக வேண்டும். பாதி வட்டத்தில் 6 சென்டிமீட்டர் ஏறி, மறுபாதியில் இறங்கினால் போதும். இரண்டு மூன்று பெட்டிகளோடு ரயில் நன்றாகவே ஏறும்.

ஒரு சமரசத்துக்கும் தயாராக இருங்கள். மலை ரயில் மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர். 87-ல் 1 என்றால் தண்டவாள இடைவெளி 11.5 மில்லிமீட்டர் வர வேண்டும். உங்களிடம் இருப்பது 16.5. அதற்காகச் செட்டை மாற்ற வேண்டாம். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் முனைகளை ஜல்லியும் புல்லும் மூடும்படி விட்டால் கண் அதை மன்னித்துவிடும். வீடு, ஆள், மரம் எல்லாவற்றையும் 87-ல் 1 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலையின் உருவம். தெர்மாகோலை வெட்ட உட்காருவதற்கு முன் ரயிலில் ஒருமுறை ஊட்டிக்குப் போய்வாருங்கள். வளைவுகளை மட்டும் கவனியுங்கள். பாதை மலைக்குள் ஒதுங்கும் இடத்தில் ஓர் ஓடை இறங்கும். அங்கே சிறு பாலமோ மதகோ இருக்கும். பாதை மலையின் மூக்கைச் சுற்றி வெளியே வரும் இடத்தில் வெட்டுப்பாறை, மூக்கு தடித்திருந்தால் சுரங்கம். 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 250 பாலம், 16 சுரங்கம் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கு இப்படி வந்ததுதான். உங்கள் பலகையிலும் காரணம் இல்லாமல் பாலம் போடாதீர்கள். முதலில் ஓடை எங்கே இறங்குகிறது என்று பென்சிலால் வரையுங்கள். பாலம் தானாக அதன் இடத்துக்கு வரும்.

பாதையின் குறுக்குவெட்டும் இதே போலத்தான். மேட்டுப்பக்கம் செங்குத்தாக வெட்டிய மண், அதன் அடியில் தண்ணீர் ஓடும் வாய்க்கால், பிறகு ஜல்லியும் தண்டவாளமும், பள்ளத்துப் பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர். அந்த வாய்க்காலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று மில்லிமீட்டர் அகலக் கோடுதான், ஆனால் மழை பெய்யும் மலை என்பதை அது சொல்லிவிடும்.

பூஞ்சணத்துக்கு வருவோம். பிளாஸ்டர் அரைமணி நேரத்தில் இறுகும். இறுகியது காய்ந்ததாகாது. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற மேட்டுப்பாளையத்தில் ஒன்றிரண்டு நாள் பிடித்தால், குன்னூரில் ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் பிடிக்கும். அதற்குள் பெயின்ட் அடித்து மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. பிளாஸ்டரைக் குறைப்பதுதான் நல்ல வழி. எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் பேண்டேஜ் மருந்துக்கடையில் கிடைக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, நனைத்து, தெர்மாகோல் மேல் இரண்டு அடுக்குப் போர்த்தினால் போதும்; மெல்லிய ஓடு, சீக்கிரம் காயும். பாறை வரும் இடத்தில் மட்டும் கசக்கி விரித்த அலுமினியத் தாளில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த துண்டுகளைப் பதியுங்கள்.

தெர்மாகோல் அடுக்குகளை ஃபெவிகாலால் ஒட்டினால் நடுவில் காற்றுப் புகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஓரங்களில் மட்டும் பசை தடவி, பல்குச்சியால் குத்தி நிறுத்துங்கள். ஸ்பிரே பெயின்டும் கரைப்பான் கலந்த பசைகளும் தெர்மாகோலை அரித்துவிடும். பிளைவுட்டின் இரு பக்கமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும்.

நிறத்தில் பெரும்பாலோர் சறுக்குவது பச்சையில். நீலகிரியின் அடி நிறம் செம்மண். புதிதாக வெட்டிய மண் சிவப்பு, பழைய வெட்டில் பாசி படிந்து கறுப்பு. பாறை சார்னகைட் வகை, நீலம் கலந்த கருஞ்சாம்பல். தண்ணீர் வழிந்த இடங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புத் தாரைகள். முதலில் முழுச் சரிவையும் செம்மண் நிறத்தில் அடித்துவிட்டு, அதன் மேல்தான் பச்சையைப் போட வேண்டும்.

மண்ணுக்கு மண்ணையே பயன்படுத்துங்கள், கொல்லையிலேயே இருக்கிறது. பழைய வாணலியில் வறுத்தால் பூச்சியும் முட்டையும் போகும். மெல்லிய துணியில் சலித்த பிறகு காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி அதன் மேல் ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். இதைச் செய்யாவிட்டால் அந்தத் துகள் எஞ்சினின் மோட்டாருக்குள் போய்ச் சேரும். தூவிய மண்மேல் சோப்புத் தண்ணீரை மெலிதாக ஸ்பிரே செய்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மண் ஒட்டிய பிறகு நிறம் ஒரு படி கறுக்கும். அதற்கேற்ப வெளிறிய மண்ணாக எடுங்கள்.

தேயிலைக்கு வருகிறேன். கடையில் விற்கும் பச்சை உருண்டைகளை வரிசையாக ஒட்டினால் முட்டைக்கோஸ் தோட்டம் கிடைக்கும். தேயிலைச் செடி உருண்டையே இல்லை. கொழுந்து பறித்துப் பறித்து அதன் தலை மேசையாகிவிடுகிறது. அந்த மேசை தரைமட்டத்துக்கு இணையாக நிற்காமல் சரிவோடு சேர்ந்தே சாய்ந்திருக்கும். செடிக்குச் செடி இடுக்கு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும்; பறிப்பவர்கள் நடக்கும் தடம் மட்டும் கொஞ்சம் அகலம்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரை வாங்குங்கள். தோட்டத்துச் செடி இடுப்பளவு, உங்கள் கணக்கில் 8 மில்லிமீட்டர். ஸ்கிரப்பர் அட்டையின் தடிமன் ஏறத்தாழ அதே இருக்கும்படி தேர்ந்தெடுத்துப் பெரிய துண்டாகச் சரிவில் ஒட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு கூர்மையான கத்தரியால் 14 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கோணல்மாணலாகக் கோடு வெட்டுங்கள். அளவுகோல் வேண்டாம். வெட்டிய இடுக்குகளில் கரும்பச்சைச் சாயத்தை இறக்கி, தலைகளில் மட்டும் உலர்ந்த தூரிகையால் மஞ்சள் கலந்த இளம்பச்சையைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். இளம்பச்சை எல்லா இடத்திலும் வேண்டாம். பறித்து முடித்த பகுதி கருமையாகத்தான் இருக்கும். ஒரு மூலையில் கவாத்து வெட்டிய பகுதியையும் காட்டுங்கள். இலை இல்லாமல் பழுப்புக் குச்சிகள் மட்டும் நிற்கும் அந்தத் துண்டைத் தோட்டத்தில் வளர்ந்த யாரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

காய்ச்சிய டீத்தூளையும் மரத்தூளையும் பயன்படுத்தலாமா என்றால், மரத்தடிச் சருகுக்கு மட்டும், அதுவும் நன்றாக வறுத்த பிறகு. இந்த ஈரத்தில் பூஞ்சணம் முதலில் தேடிப்போவது அவற்றைத்தான்.

மரங்களில் உயரத்தைக் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். தோட்டத்து நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் 15 மீட்டர் என்றாலே 17 சென்டிமீட்டர் வரும். கடையில் விற்கும் மரங்கள் அதில் பாதிகூட இருக்காது. மூங்கில் குச்சியை நடுத்தண்டாக வைத்து, பீர்க்கங்கூட்டின் நாரைப் பிய்த்து மெல்லிய கிளைகளாக ஒட்டினால், கிளை கழித்த சில்வர் ஓக்கின் மெலிந்த உருவம் வந்துவிடும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நிஜத்தில் 40 மீட்டர் போகும், அதாவது 46 சென்டிமீட்டர். அதைப் பின்வரிசையில் வெளிறிய தண்டாக மட்டும் நிறுத்தி, தலையைப் பின்பலகைச் சித்திரத்தில் கலந்துவிடுங்கள். ஓடை இறங்கும் மடிப்பில் சோலை: அங்கே மரங்கள் குட்டை, நெருக்கம், தலைகள் ஒன்றோடொன்று கோத்த மாதிரி, இளந்துளிர் சில இடங்களில் செம்பழுப்பாக இருக்கும்.

பஞ்சை வைத்து மூடுபனி காட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பஞ்சு பஞ்சாகத்தான் தெரியும், தூசியும் சேரும். பின்பலகையில் மூன்று மலை வரிசை வரையுங்கள். பின்னால் போகப் போக நீலமும் வெளுப்பும் கூடட்டும், ஒவ்வொரு வரிசையின் அடிவாரத்தையும் வெண்சாம்பலில் கரைத்துவிடுங்கள். மூடுபனிக்கு அது போதும்.

சுரங்க வாயைச் சரிவில் பதிப்பதற்கு முன், உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியின் நடுவிலும் இரு முனைகளிலும் பென்சிலைக் கட்டி வளைவில் தள்ளிப் பாருங்கள். பென்சில் கோடு போகும் இடமெல்லாம் பெட்டி போகும். சுரங்கத்துக்குள் ரயில் தடம்புரண்டால் கை நுழையப் பின்பக்கம் ஒரு திறப்பும் விடுங்கள். மரங்களை ஒட்டாமல் துளையில் செருகி வையுங்கள். உங்கள் ஊர் ஈரத்தில் தண்டவாளத்தை வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டியிருக்கும், அப்போது முன்வரிசை மரங்களைக் கழற்றி வைத்தால்தான் கை போகும்.