கூட்ஸ் பெட்டியை எண்ணுகிறவன்

வணக்கம் அண்ணா,

நாங்கள் கொருக்குப்பேட்டை. பையன் மூன்றாவது படிக்கிறான். இடத்தில் உட்காருவதில்லை, எழுதுவதில்லை என்று தினமும் புகார். ஏடிஹெச்டியாக (கவனமும் துறுதுறுப்பும் கட்டுக்குள் நிற்காத பிரச்சினையாம்) இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறார் மிஸ். ஆனால் ரயில்வே கேட் போட்டால் போதும், கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை ஒன்று விடாமல் எண்ணுகிறான். அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது? திமிர்தானே? அடித்தும் பார்த்துவிட்டேன். "நானும் சின்ன வயசுல இப்படித்தான், தானா சரியாயிடும்" என்கிறார் வீட்டுக்காரர். மாமியாரோ, "புள்ளைக்குக் கீழ்ப்பாக்கம் கேஸுன்னு பேர் வாங்கித் தரப் போறியா" என்று சண்டை. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

வணக்கம்மா,

நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்தக் கூட்ஸ் பெட்டியிலேயே இருக்கிறது. தமிழில் இதற்குக் 'கவனக்குறைவு' என்று பெயர் வைத்ததே எனக்குப் பிடிக்காது. 'ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து' என்று பேப்பரில் போடுவார்களே, அந்த மாதிரி பழியைப் பிள்ளையின் தலையில் கட்டுகிற வார்த்தை. இவர்களுக்குக் கவனம் உண்டு, அதை வேண்டிய இடத்தில் நிறுத்திப் பிடிக்கிறதுதான் கஷ்டம். கூட்ஸ் வண்டி நகருகிறது, தடதடவென்று சத்தம் போடுகிறது, ஒரு பெட்டி போனதும் அடுத்தது வந்துவிடுகிறது, அதுவே பையனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாய்ப்பாடு நகராதே.

என் மகனுக்கும் ஏடிஹெச்டிதான். அப்போது தண்டையார்பேட்டையில் இருந்தோம், அவனுக்கு எட்டு வயது, தண்ணி லாரி வருகிற நாள், வரிசையில் குடத்தை வைத்து "இங்கயே நில்லுடா" என்று சொல்லிவிட்டுப் போனேன். அறுந்த காத்தாடி ஒன்றின் பின்னால் ஓடிவிட்டான். குடம் ஓரமாகத் தள்ளப்பட்டு லாரியும் போய்விட்டது. தெருவே பார்க்க அடித்தேன். "எதுக்குப்பா அடிச்ச?" என்று கேட்டான். நடிக்கிறான் என்று இன்னும் ரெண்டு போட்டேன். அவனுக்கு நிஜமாகவே குடம் மறந்து போயிருந்தது என்று எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது.

அதனால் அடியை விடுங்கள். "பையை வை, கை கழுவு, சாப்பிடு, நோட்டை எடு" என்று மூச்சு விடாமல் சொன்னால் முதல் வார்த்தை மட்டும்தான் உள்ளே நிற்கும். பக்கத்தில் போய், முகத்தைப் பார்த்து, ஒன்றே ஒன்று சொல்லுங்கள், முடித்த அந்த நிமிஷமே பாராட்டுங்கள். முழுப் பரீட்சையில் பாஸானால் சைக்கிள் என்பதெல்லாம் இவர்களிடம் செல்லாது, மார்ச் மாதம் ரொம்ப தூரம். பத்து நிமிஷம் எழுதட்டும், அப்புறம் மாடிப்படி ஏறி இறங்கி வரட்டும், மறுபடி பத்து நிமிஷம்.

மிஸ் சொன்னார் என்பதாலேயே ஏடிஹெச்டி என்று முடிவும் கட்டிவிடாதீர்கள். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லாமல் வீட்டிலோ வேறெங்கோவும் தெரிய வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் தூக்கம் போதாத பிள்ளையும்கூட வகுப்பில் இப்படி இருக்கலாம், அதையும் பார்ப்பார்கள். ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. இல்லையென்றால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. "ஸ்டான்லிக்குப் போறோம்" என்றால் மாமியாரின் சண்டை பாதி குறைந்துவிடும். (கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது, இத்தனை தலைமுறையாக வைத்தியம் பார்த்தும் அந்த ஊர்ப் பெயரை நாம் இன்னும் வசவாகத்தான் வைத்திருக்கிறோம்.)

மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது. மீதைல்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்தால் பதறாதீர்கள். அது பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கலாம், அதனால் எடையைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். நீங்களாக ஏற்றவோ குறைக்கவோ வேண்டாம்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. "நானும் இப்படித்தான்" என்று அவர் பேச்சை முடிக்கப் பார்க்கிறார், டாக்டர் அங்கேதான் பேச்சைத் தொடங்குவார். ஏடிஹெச்டி குடும்பத்தில் வருவது, இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் மரபின் பங்கை 70 சதவீதத்துக்கு மேல் சொல்கின்றன. தானாகச் சரியாகிவிட்டதா என்று அவரையே கேளுங்கள். எத்தனை சாவி தொலைத்தார், எத்தனை வேலை மாறினார், பள்ளிக்கூடத்தில் எதற்கெல்லாம் அடி வாங்கினார்? ஒரு ராத்திரி பையன் தூங்கின பிறகு, சண்டையாக இல்லாமல் கேட்டுப் பாருங்கள். ஸ்டான்லிக்குப் போகிற அன்று அவரையும் லீவு போடச் சொல்லுங்கள்.