காலி வீதிக்கு எந்த டயர்?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நீங்கள் கோவையிலிருந்து கொழும்புக்கு வந்து நாலு மாதம். வெள்ளவத்தையில் வாடகை வீடு, கோட்டையில் ஆபீஸ். இரண்டு அங்குலம் லிஃப்ட் செய்து உயர்த்திய செகண்ட் ஹேண்ட் ஜிம்னி ஜீப் வாங்கியாகிவிட்டது. டயர் தேய்ந்திருக்கிறது, சேற்றுக்கான மட் டயர் போடலாமா, தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதுமா, என்ன அளவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

வண்டிக்குக் கொடுத்த விலையை நினைத்து வருந்த வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓட்டை வண்டிகூடத் தங்கமாக இருந்தது. டயர் விலையைக் கேட்டு மிரளவும் வேண்டாம். இலங்கை ரூபாயைக் கிட்டத்தட்ட மூன்றரையால் வகுத்தால் நம்மூர் ரூபாய்க் கணக்கு வந்துவிடும். இங்கே சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு அந்த வகுத்தல் பழக்கம் தானாகவே போய்விடும்.

சரி, டயருக்கு வருவோம். வந்த முதல் வருடம் ஒரு பழைய ஜப்பான் ஜீப் வாங்கி, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று மட் டயர் போட்டேன். காட்டுக்கு எத்தனை முறை போனேன் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் சாயங்காலம், பத்து நாள் வெயிலுக்குப் பிறகு விழுந்த முதல் தூறல். பம்பலப்பிட்டி சந்தியில் சிக்னலுக்காக பிரேக் மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகில் போய் மெதுவாக இடித்தேன். யாருக்கும் அடி இல்லை. ஆட்டோக்காரர் இறங்கி வந்து என்னைப் பார்க்கவே இல்லை, டயரைத்தான் பார்த்தார். "இது வயலுக்குப் போடுற ரயர் எல்லோ, அண்ணே?" என்றார். அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது.

மட் டயரில் ரப்பர் கட்டிகள் பெரிதாக, இடைவெளி அகலமாக இருக்கும். சேற்றை வாரி வெளியே எறிய அந்த இடைவெளி வேண்டும். ஆனால் ஈரத் தார் ரோட்டில் பிடி தருவது ரோட்டைத் தொடும் ரப்பரும், அந்தக் கட்டிகளின் மேல் கீறிய மெல்லிய வெட்டுகளும்தான். மட் டயரில் இரண்டுமே குறைவு. கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, கோவையைப் போல மூன்று மடங்குக்கு மேல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து அக்டோபர், நவம்பரில் சாயங்கால இடிமழை. காலி என்ற ஊருக்குப் போகும் ரோடு, அதனால் காலி வீதி என்று பெயர்தான், ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. பஸ்காரர் எந்த நொடியில் குறுக்கே வருவார் என்று தெரியாது. நின்று நின்று பிரேக் அடிக்கும் ஊரில் ஈரத்தில் நிற்கிற டயர் வேண்டும். ஆகவே ஆல் டெரெய்ன், அதிலும் மிதமான வகை. கையில் எடுத்து, கட்டிகளின் மேல் நெருக்கமான வெட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கச் சுவரில் மலையும் பனிச்செதிலும் போட்ட பனிச்சாலை முத்திரை இருந்தால், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நுவரெலியாவில் குளிரும், ஆனால் பனிச்சாலை கிடையாது.

அளவில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். உங்கள் ஜிம்னியில் கம்பெனி அளவு 195/80ஆர்15, அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75ஆர்15 போட்டால் 703, வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. லிஃப்ட் செய்த வண்டிக்கு 235/75ஆர்15தான் அழகு என்பார்கள். உண்மைதான், அழகு. விட்டம் 733, கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம். முன்பு 106 காட்டிய வேகத்தை இனி மீட்டர் 100 என்று காட்டும். கொட்டாவையில் ஏறி காலி வரை அதிவேகப் பாதையில் போகிறீர்கள் என்றால் அங்கே எல்லை 100. வேகம் மட்டுமல்ல, கியர் எல்லாமே அதே அளவுக்கு நீண்டுவிடும், அதாவது இழுவை குறையும். ஒன்றரை லிட்டர் எஞ்சின், கண்டி போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மூச்சு வாங்கும். பெட்ரோல் செலவும் கூடும். 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டா வைத்து லிட்டர் கணக்கில் பெட்ரோல் வாங்கிய எங்களுக்கு அந்த பயம் இன்னும் போகவில்லை.

இன்னொன்று, அளவுக்கு முன்னால் 'எல்டி' என்று எழுதியிருக்கும் டயர். லைட் டிரக் வகை, பக்கச் சுவர் கெட்டி, கல் எளிதில் கிழிக்காது. ஆனால் உங்கள் வண்டியின் எடையே 1,100 கிலோவைச் சுற்றித்தான். கம்பெனி டயரின் சுமைக் குறியீடு 96, அதாவது ஒரு டயர் 710 கிலோ தாங்கும். அதுவே தாராளம். கெட்டி டயர் போட்டால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும்.

லிஃப்ட் செய்யும்போது முன் அச்சின் கேஸ்டர் கோணம், அதாவது ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்க உதவும் சாய்வு, குறைந்துவிடும். முந்தைய உரிமையாளர் அதற்கான புஷ் மாற்றினாரா என்று கராஜில் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றாமல் கனமான டயர் போட்டால் 70, 80 வேகத்தில் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். டயர் கடையில் பேலன்சிங், பேலன்சிங் என்று மூன்று முறை பணம் வாங்குவார்கள், உதறல் போகாது.

வாங்குவது நாலு அல்ல, ஐந்து. நாலு சக்கர டிரைவில் போடும்போது எல்லா டயரும் ஒரே விட்டமாக இருக்க வேண்டும். பழைய சின்ன டயரை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலில் ஓட்டினால் கியர் பெட்டி அழும். அப்புறம், இங்கே 'ஸ்டெப்னி' என்று கேட்காதீர்கள். நான் கேட்டபோது கடைக்காரர் முழித்தார், ஸ்பெயார் வீல் என்றால்தான் புரிந்தது. ஜிம்னியில் அது பின்கதவில் தொங்குவதால், டயர் கனமானால் கதவுக் கீல் இறங்கும். 235 வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பில் போடும் முன் பக்கச் சுவரில் நாலு இலக்கத்தைத் தேடுங்கள். 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம் செய்தது. ஒரு கடையில் 'புது ஸ்டொக்' என்று எனக்குக் கொடுத்த டயர்கள் ஐந்து வருடம் பழையவை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் முதல் ரப்பர் கன்றுகளை நட்ட நாட்டில், கெட்டிப்போன ரப்பரைக் காசு கொடுத்து வாங்கியவன் நான்.

மீமுரே மலைக் கிராமத்துக்குப் போக ஆசை என்று எழுதியிருந்தீர்கள். ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாக இறங்கும் அந்த ஒடுங்கிய பாதைக்கு மிதமான ஆல் டெரெய்ன் போதும். கல்பிட்டி மணலில் இறங்கினால் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறையுங்கள், தார் ரோட்டுக்கு ஏறும்முன் மறுபடி அடித்துவிடுங்கள். சின்ன கம்ப்ரெசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

பஞ்சிகாவத்தை வண்டி உதிரிபாகக் கடைகளில் விலை கேட்க நானும் வருகிறேன். சனிக்கிழமை காலையில் சீக்கிரமே போய்விட வேண்டும், நேரமாகிவிட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.