முட்டைப் பெட்டியில் ஏன் உருளைக்கிழங்கு?

தங்கச்சி, இங்கிலாந்தின் லெஸ்டரில் வாடகை வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டு அம்மா பெப்ரவரியிலேயே உருளைக்கிழங்குகளை முட்டைப் பெட்டியில் அடுக்கி யன்னலோரம் வைத்திருக்கிறார், அது எதற்கு, குசினியில் முளைத்துக் கிடக்கிற கிழங்கை அப்படியே நட்டால் என்ன என்று இரண்டு கேள்வி.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். நட்டால் முளைக்கும். ஆனால் கறிக்கு வாங்கிய கிழங்கில் வைரஸ் நோய் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விளைச்சலில்தான் தெரியும். கடைக்கு வரும் கிழங்கு பலவும் முளைக்காமல் இருக்கப் பக்குவம் செய்யப்பட்டது. விதைக்கிழங்கென்று தனியாக, சோதித்துச் சான்று கொடுத்து விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஸ்கொட்லாந்தில் விளைவது. அங்கே குளிரும் காற்றும் கூட, வைரஸைக் காவும் அசுவினிப் பூச்சி குறைவு. ஜனவரி முதல் தோட்டக்கடைகளில் கிடைக்கும், சின்னப் பை ஒன்று போதும்.

இனி முட்டைப் பெட்டி. யாழ்ப்பாணத்தில் கார்த்திகை, மார்கழியில் நடும்போது மண்ணில் சூடு இருக்கும், கிழங்கு தானாகவே எழும்பும். இங்கே மார்ச்சில் மண் குளிர்ந்து ஈரமாகக் கிடக்கும். முளை வராத கிழங்கு அதற்குள் சும்மா கிடக்கும், சிலவேளை அழுகியும் போகும். அந்த நாட்களை வீட்டுக்குள்ளே கழிக்க வைத்தால் நடும்போதே முளை தயார், அறுவடையும் கொஞ்சம் முந்தும். அந்த முந்துதல் பெரிய விஷயம். ஜூலை, ஆகஸ்ட் மழையோடு வரும் பிளைட் நோய் இலையைக் கருக்கிவிடும். அதற்கு முன்பே கிழங்கைக் கிண்டி எடுத்துவிடலாம்.

கிழங்கைப் பார்த்தால் ஒரு முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும். அந்த முனை மேலே வரும்படி வையுங்கள், சாயாமல் பிடிக்கத்தான் முட்டைப் பெட்டி. வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். ஹீட்டர் போடாத அறை, 10 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் நல்லது, உறைபனி மட்டும் படக்கூடாது. அலுமாரி இருட்டில் வருவது நீண்ட வெள்ளை முளை, தொட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் வருவது கட்டையாக, பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். நான்கு முதல் ஆறு கிழமையில் 2, 3 சென்ரிமீற்றர் வளர்ந்தால் போதும். கிழங்கும் பச்சையாகும், பயப்பட வேண்டாம். ஆனால் அதைக் கறிக்கு எடுக்காதீர்கள், நஞ்சு. பெரிய கிழங்கு வேண்டுமென்றால் திடமான மூன்று, நான்கு முளையை விட்டு மற்றதை உரசி எடுத்துவிடுங்கள்.

இந்தப் பாடெல்லாம் ரொக்கெட், ஸ்விஃப்ட் மாதிரி முந்தி விளையும் இனங்களுக்குத்தான். மரிஸ் பைப்பர் போன்ற பிந்திய இனத்துக்கு இதனால் பெரிய லாபமில்லை. சின்னத் தோட்டத்தில் அதை நடவும் சொல்லமாட்டேன், கடையில் மலிவாகக் கிடைக்கிறதே. இரண்டுக்கும் நடுவில் விளையும் ஷார்லட் இனம் நல்லது, பால்கறியில் கரையாமல் நிற்கும்.

பெரிய வெள்ளியன்று நட வேண்டும் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். அது ஒரு வருஷம் மார்ச்சில் வரும், இன்னொரு வருஷம் ஏப்ரல் மூன்றாம் கிழமை தாண்டி வரும். நாளை விட்டு மண்ணைப் பாருங்கள். கையில் எடுத்தால் சேறாக ஒட்டாமல் உதிர வேண்டும். உங்கள் பக்கம் ஏப்ரல் தொடக்கம் சரியாக இருக்கும். முளை மேலே பார்க்க, ஒரு சாண் இடைவெளியை விடக் கொஞ்சம் கூட விட்டு, 12 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கள். மே மாதத்திலும் இங்கே உறைபனி விழும். வானிலை அறிக்கையில் அப்படிச் சொன்ன இரவுகளில் தளிரை மண்ணால் மூடிவிட்டால் தப்பிக்கும்.

வாடகை வீடு என்பதால் புல்லைக் கிண்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் 40 லீற்றர் பையில், அடியில் ஓட்டை போட்டு, இரண்டு கிழங்கு நடலாம். பையில் மண் சுறுக்காகக் காயும், அதனால் தண்ணீரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.