வீராணம்: அடியை வைத்து சதவீதம் போடாதீர்கள்

வீராணம் ஏரியின் நீர்மட்டம் போன வருடம் 45 அடி, இப்போது 43. ஆக 4 சதவீதம்தான் குறைவு என்று போட்டிருக்கிறீர்கள். கணக்கு அங்கேதான் தப்புகிறது. வீராணத்தின் முழு நீர்மட்டமான 47.5 அடி என்பது ஆழம் இல்லை, கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம். ஏரித்தரையே மேலே இருப்பதால் 2 அடி இறங்கினாலும் பெரிய இழப்பு.

கொள்ளளவை எடுங்கள். முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. அன்றைய இருப்பை அதனால் வகுத்து, போன வருடத்தின் அதே தேதியோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஜூனில் மேட்டூர் அணை திறந்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வடவாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மே மாதத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

சரிபார்க்க: விநாடிக்கு 100 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் 8.64 மில்லியன் கன அடி. வரத்தில் வெளியேற்றத்தைக் கழித்தும் இருப்பு இடிக்கிறதா? கோடையென்றால் ஆவியாதலைப் பாருங்கள். நீளமான ஏரி, காற்றடித்தால் ஒரு பக்கம் ஏறிக் காட்டும். ஒருநாள் அளவை நம்பாமல் ஐந்து நாள் சராசரி எடுங்கள்.