சாய்ந்த செங்கல் விளிம்பு: பிரித்துக் கட்டுங்கள்

பெங்களூர் ஹொரமாவு வீட்டில் ஒன்றரை அடி உயர்த்திய தோட்டத் திண்ணைக்குக் கட்டிய நாலரை அங்குலச் செங்கல் விளிம்பு, மழைக்குப் பிறகு வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். பூசிச் சரிசெய்ய முடியாது சார், பிரித்துத்தான் ஆக வேண்டும். நனைந்த செம்மண் கனக்கும், உள்ளே தேங்கிய நீரும் சேர்ந்து தள்ளும். ஒற்றைச் செங்கல் தாங்காது.

ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம் தோண்டி, திம்மிசு போட்டு (தரையை இடித்து இறுக்கி), 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி) ஆறு அங்குலம். அதன்மேல் ஒன்பது அங்குலச் சுவர், 1:5 சிமெண்ட்-மணல் கலவை. பத்தடி நீளத்துக்கு 200 செங்கல், உடைசலுக்கு 15 கூடுதல். சுவரின் உள், வெளி அடுக்குகளைத் தனித்தனியாக எழுப்பி நடுவில் கலவை ஊற்றும் மேஸ்திரிகள் உண்டு, அப்படிச் செய்ய விடாதீர்கள். ஒரு வரி நீளவாட்டில் என்றால் அடுத்தது குறுக்காகப் போக வேண்டும். செங்கலை ஊறப் போடாவிட்டால் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும். பிறகு நகத்தால் சுரண்டினாலே இணைப்பு மாவாக உதிரும்.

உள்ளே தேங்கும் நீர் வடிய, சுவரில் வெளித்தரைக்கு இரண்டு அங்குலம் மேலே, நான்கடிக்கு ஒன்றாக இரண்டு அங்குல பிவிசி குழாய், வெளிப்பக்கம் சரிவாக. சுவருக்குப் பின்னால் அரை அடிக்கு 20 மி.மீ. ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி). துணி இல்லாவிட்டால் சேறு இறங்கிக் குழாய் அடைத்துக்கொள்ளும். சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டபின், ஆறு ஆறு அங்குலமாக மண் போட்டு இடியுங்கள். வீட்டுச் சுவரின் டிபிசி (ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு) மட்டத்துக்கு மேல் மட்டும் மண் ஏறவே கூடாது.