ராப் பாட்டும் பரீட்சை வருடமும்

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. படிக்கும்போதும் காதில் ஹெட்போன். ஒருநாள் வாங்கிக் கேட்டேன். ராப் பாட்டு, முழுக்க அடிதடியும் தூஷணமும். சில மாதங்களாக என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பாட்டுத்தான் பிள்ளையைக் கெடுக்கிறது. கைத்தொலைபேசியைப் பறித்து வைக்கட்டுமா?
- ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரி, பறிக்க வேண்டாம். ரியூசனில் பக்கத்தில் இருப்பவனின் தொலைபேசியில் அதே பாட்டைக் கேட்பான். உங்களோடு கதைக்கிற இரண்டு வார்த்தையும் நின்றுபோகும்.

இந்த முறைப்பாடு புதிதல்ல. அமெரிக்காவில் 1985இல் செனற் சபைக் குழு ஒன்றின் விசாரணை வரை போனது. இசைத்தட்டு உறைகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரை வந்ததும் அந்தச் சர்ச்சையால்தான். (அந்த வயதில் நானென்றால் முத்திரை உள்ளதைத்தான் முதலில் தேடியிருப்பேன்.) நம் நாட்டில் ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப் இசைக்கு ஆடியவர்கள் இன்று பேரப்பிள்ளைகளின் பாட்டைக் கேட்டுக் காதைப் பொத்துகிறார்கள்.

கோபப் பாட்டு பிள்ளைக்குக் கோபத்தைக் கொடுக்கிறதா, கோபத்தில் இருக்கிற பிள்ளை அதைத் தேடிப் போகிறானா? உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. பரீட்சை வருடம் அல்லவா! அவனுக்குள் என்ன ஓடுகிறது என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? பெறுபேறு பற்றி மட்டும் கேட்டிருப்பீர்கள்.

பின்னேரம் அவனையும் கூட்டிக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு நடவுங்கள். முகத்துக்கு முகம் பேசாத பையன் பக்கத்தில் நடக்கும்போது பேசுவான். கோட்டைக்குள் மான்களைத் தாண்டியதும், "உனக்குப் பிடித்த ஒன்றைப் போடு, நானும் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். முதல் நாள் கருத்துச் சொல்லாதீர்கள். அடுத்த முறை கேட்கலாம்: "பெண்பிள்ளைகளைப் பற்றி இப்படிப் பாடுகிறானே, உனக்குச் சரியாகப் படுகிறதா?" பாட்டின் உண்மையான செல்வாக்கு அங்கேதான், யாரைக் கேலி செய்யலாம், எப்படி நடந்தால் ஆண்மை என்பதையெல்லாம் அது மெல்லப் பழக்கிவிடும். அதை விட்டுவிடாதீர்கள்.

படிக்கும்போது கேட்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வரலாற்றுப் பாடத்தை மனனம் செய்யும்போது காதில் விழும் சொற்கள் குறுக்கே நிற்கும். கணக்குப் போடும்போது வாத்திய இசை மெல்லக் கேட்டால் சண்டை பிடிக்காதீர்கள். சத்தத்தையும் கவனியுங்கள்: 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணித்தியாலம் வரை கேட்கலாம், 90 ஆனால் 4 மணித்தியாலம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாட்டை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள். நித்திரை கெடுகிறதா, சாப்பாடு குறைகிறதா, வீட்டில் காசு காணாமல் போகிறதா, பழைய கூட்டாளிகள் எல்லோரும் ஒரேயடியாக விலகிவிட்டார்களா? அப்படியென்றால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் சொன்னாலும் அன்றைக்கே 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.