‘நிரல் எழுதுக’ என்றாலே உயர்நிலை வினாவா?

கேள்வி: முதலாண்டுக்கு நிரலாக்கம் நடத்துகிறேன். ஒவ்வொரு வினாவுக்கும் புளூம் நிலை குறிக்க வேண்டும், அதாவது அடியிலுள்ள ‘நினைவுகூரல்’ முதல் உச்சியிலுள்ள ‘உருவாக்கல்’ வரை எந்தச் சிந்தனைப் படியை வினா கேட்கிறது என்று. ‘பபுள் சார்ட் நிரல் எழுதுக’ (பக்கத்துப் பக்கத்து மதிப்புகளை ஒப்பிட்டு இடம் மாற்றி ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும் நிரல்) என்பதற்கு ‘உருவாக்கல்’ என்று போட்டேன். ஏறக்குறைய எல்லாருமே சரியாக எழுதிவிட்டார்கள். தவறாகக் குறித்துவிட்டேனா?

பதில்: ஆமாம். வகுப்பில் போர்டில் எழுதிக்காட்டி, லேபிலும் செய்யவைத்த நிரலைத் தேர்விலும் கேட்டால், அது நினைவுகூரல்தான். அதைப் பார்த்தே இராதவருக்கு அதே வினா பெரிய சவால். ஆகவே, இதற்கு மிக நெருக்கமாக மாணவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்தது எது என்று முதலில் கேளுங்கள். பிறகு நிலையைக் குறியுங்கள்.

புளூம் பட்டியல் 1956இல் வந்தது, 2001இல் திருத்தப்பட்டது. நிரலாக்கத்தை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. ஆனாலும் 6 நிலைக்கும் சதவீதம் கேட்கும் படிவம் மட்டும் தவறாமல் வருகிறது. விடைத்தாளைக் காட்டுங்கள் என்று எவரும் கேட்பதில்லை!

வினாத்தாளைப் பதிவேற்றினால் நொடியில் நிலை குறித்துத் தருவதாகச் சொல்லி மென்பொருள் விற்க வருவார்கள். டெமோவிலேயே ஒன்று செய்யுங்கள்: ஒரே வினாவில் ‘எழுதுக’ என்பதை ‘வடிவமைக்க’ என்று மட்டும் மாற்றிக் கொடுங்கள். நிலை ஏறினால் அது வெறும் வினைச்சொல் பட்டியல். காசு கொடுக்காதீர்கள்.

சராசரி மதிப்பெண் குறைந்தால் வினா உயர்நிலை என்றும் நம்பிவிட வேண்டாம். அரைப்புள்ளி விட்டதற்கெல்லாம் மதிப்பெண்ணை வெட்டினாலும் சராசரி இறங்கும்.

‘விளக்குக’ வினா மட்டும் தனி ரகம். புளூம் பட்டியலில் அது கீழே இருக்கும், நிரலாக்கத்தில் அப்படி விட முடியாது. இந்த 4 வரிகளைப் பாருங்கள்: த = அ; அ = ஆ; ஆ = இ; இ = த. மொத்தத்தில் இது என்ன செய்கிறது, ஒரே வாக்கியத்தில் சொல் என்று கேளுங்கள். ஒருவர் ‘அ-வின் மதிப்பு த-வுக்குப் போகிறது, அப்புறம் ஆ-வின் மதிப்பு அ-வுக்கு...’ என்று வரி வரியாக ஒப்பிப்பார். இன்னொருவர் ‘மூன்று மதிப்புகளும் ஓரிடம் இடப்பக்கம் சுழல்கின்றன’ என்பார். முன்னவருக்கு வரிகள் தெரியும், பின்னவருக்கு நோக்கமே பிடிபட்டுவிட்டது. கல்வி ஆய்வாளர்கள் பிக்ஸும் கோலிஸும் 1982இல் தந்த, விடையை வைத்துப் புரிதலை அளக்கும் சோலோ முறை இந்த வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. இங்கே நிலை தெரிவது விடையில்தான். வினாவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, உங்கள் வினாவுக்கு ‘நினைவுகூரல்’ என்று திருத்திவிடுங்கள். அடுத்த முறை அதே நிரலைக் கொடுத்து, வரிசைப்படுத்தும் பட்டியல் வரிசைக்கு வந்ததும் நிரல் நின்றுவிடும்படி மாற்றச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த மாற்றத்தை ‘முக்கிய வினா’ என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.